பாயின்ட் மதிப்பு இறங்கிப்போச்சு: ஹோட்டல் புரோகிராமை மாத்துறதா, அப்படியே தொடர்றதா?

#1 வாசல்மணி

ஒருவருக்கு மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் புரோகிராமான பான்வாயில் பிளாட்டினம் (அடிக்கடி தங்குபவருக்கான மேல்படி) இருக்கு. கணக்கில் 3 லட்சம் பாயின்ட் கிடக்கு. வேலை நிமித்தம் வருஷத்துக்குச் சுமார் 50 இரவு வெளியே தங்கணும். முன்பு 30,000 பாயின்ட்டுக்குக் கிடைத்த அறைகளுக்கு இப்போ 36,000, 40,000 கேட்கிறாங்க. ஹயாட், ஹில்டன், ஐஎச்ஜி, அக்கோர் என எந்த ஹோட்டல் குழுமத்தின் பக்கம் போகவும் அவர் தயார். முடிவெடுக்கும் முன் எதையெல்லாம் கணக்குப் போடணும்?

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது தெரிஞ்சதுதான்.

#2 கணக்கர்

முதலில் மதிப்பு நிஜமாகவே இறங்கியிருக்கான்னு பாருங்க. பாயின்ட் விலை ஏறியதும் மதிப்பு இறங்கியதும் ஒன்றல்ல.

மேரியட் 2022 மார்ச்சில் அவார்டு சார்ட்டை (எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்ற நிலையான விலைப்பட்டியல்) எடுத்துவிட்டது. ஹில்டன் அதற்கும் முன்பே, 2017-ல் எடுத்தது. சார்ட் இல்லாத இடத்தில் பாயின்ட் விலை பெரும்பாலும் பண விலையின் பின்னாலேயே ஓடும். 210 டாலர் அறை 30,000 பாயின்ட்டாக இருந்தது, இப்போ அதே அறை 252 டாலர், 36,000 பாயின்ட் என்றால், ஒரு பாயின்ட் அன்றும் 0.7 சென்ட், இன்றும் 0.7 சென்ட். அது அறை வாடகை ஏற்றம். புரோகிராம் மாறினாலும் அந்த ஏற்றம் கூடவே வரும். பணம் 210-லேயே நிற்க, பாயின்ட் மட்டும் 36,000 ஆனால் மதிப்பு 0.58-க்கு இறங்கியிருக்கு. கோபப்பட வேண்டியது அதற்குத்தான்.

சோதிக்கும் முறை: நீங்கள் உண்மையில் தங்கக்கூடிய பத்து ஹோட்டல்களை எடுங்க. கனவு ரிசார்ட்டுகளைச் சேர்க்காதீங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார நாள், ஒரு வார இறுதி, ஒரு கூட்ட நெரிசல் நாள். பண விலை, பாயின்ட் விலை இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்து விரிதாளில் போடுங்க. சூத்திரம்:

(வரி உட்பட பண விலை − பாயின்ட்டில் தங்கினாலும் கையிலிருந்து கட்டுவது) ÷ (பாயின்ட் விலை + பணம் கொடுத்துத் தங்கியிருந்தால் சேர்ந்திருக்கும் பாயின்ட்)

பலர் விட்டுவிடுவது கடைசிப் பகுதியை. 180 டாலர் அறை, வரி 27, ஆக 207. பாயின்ட்டில் 30,000. நேராக வகுத்தால் 0.69 சென்ட். ஆனால் பணம் கொடுத்திருந்தால் டாலருக்கு 10 பாயின்ட், பிளாட்டினத்துக்கு 50% கூடுதல், ஆக 2,700 பாயின்ட் வந்திருக்கும் (வரிக்குப் பாயின்ட் கிடையாது). 207 ÷ 32,700 = 0.63. இதுதான் உண்மையான எண்.

#3 சாவியட்டை

கணக்கர் சார் சொன்னதில் "கையிலிருந்து கட்டுவது" என்ற இடத்தை அழுத்திச் சொல்லணும். ரிசார்ட் ஃபீ (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் தனியாகப் போடும் கட்டணம்)! ஹில்டனும் ஹயாட்டும் முழுக்கப் பாயின்ட்டில் போட்ட இரவுக்கு அதை வாங்குவதில்லை. மேரியட்டில் பாயின்ட் இரவுக்கும் கட்டணும். ரிசார்ட் ஃபீ 40 டாலர் உள்ள இடத்தில் "இலவச" இரவு ஐந்தானால் 200 டாலர் போச்சு. விடுமுறை ஊர்களில்தான் பாயின்ட்டைச் செலவழிப்பேன் என்பவருக்கு, மதிப்புக் குறைப்பை விட இந்த ஒரு விதியே மாறுவதற்குப் பெரிய காரணம்.

#4 வாசல்மணி

அந்தப் பத்து ஹோட்டல் சோதனையில் சராசரி 0.7-லிருந்து 0.6-க்கு இறங்கியிருக்குன்னு வச்சுக்குவோம். அப்போ மாறலாமா?

#5 கணக்கர்

இரண்டு நஷ்டத்தையும் தனித்தனியாகப் பிரிங்க.

கையிருப்பு நஷ்டம்: 3,00,000 × 0.1 சென்ட் = 300 டாலர். இது போனது போனதுதான். நீங்க இருந்தாலும் போனாலும் திரும்பி வராது. எனவே முடிவில் இதற்கு ஓட்டு கிடையாது. கோபம் முழுக்க இந்த 300 மேல் இருப்பதுதான் வேடிக்கை.

இனி வரும் நஷ்டம்: 200 டாலர் இரவுக்கு 3,000 பாயின்ட். முன்பு 21 டாலர் பெறும், இப்போ 18. அதாவது 10.5% திரும்பி வந்தது 9% ஆகிறது. 50 இரவுக்கு 150 டாலர்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. ஸ்டேட்டஸ் (பிளாட்டினம் மாதிரி உறுப்பினர் படி) இல்லாமல் புதிதாக நுழைபவருக்கு, ஹில்டனில் டாலருக்கு 10 பாயின்ட். ஒரு பாயின்ட்டை 0.5 சென்ட் என்று எடுத்தால் 200 டாலருக்கு 10 டாலர், அதாவது 5%. ஹயாட்டில் டாலருக்கு 5 பாயின்ட், 1.7 சென்ட் வீதம் 17 டாலர், 8.5%. அக்கோரில் பெரும்பாலான பிராண்டுகளுக்கு 10 யூரோவுக்கு 25 பாயின்ட், 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ கழிவு, ஆக 5%. (0.5, 1.7 எல்லாம் தோராய மதிப்பு. உங்கள் பத்து ஹோட்டலில் வரும் எண்ணைப் போட்டுக்குங்க.)

ஆக, அடிபட்ட மேரியட் பிளாட்டினத்தின் 9% கூட ஸ்டேட்டஸ் இல்லாத மூன்றையும் விட மேலே நிற்குது. ஹில்டனின் மேல்படியான டயமண்டுக்கு 100% கூடுதல், அப்போ 10%. ஹயாட்டின் உச்சப் படியான குளோபலிஸ்டுக்கு 30% கூடுதல், 11%. வித்தியாசம் தெரிவது ஸ்டேட்டஸோடு போய் இறங்கினால்தான். பழைய இடத்தின் மேலுள்ள கசப்பில் வெறுங்கையோடு வெளியே போனால் முதல் வருஷம் அடி இரட்டிப்பு.

#6 நடைமேடை

இந்தக் கணக்கே ஒரு பொறி என்று நினைக்கிறேன். 1.5% வித்தியாசத்துக்கு இவ்வளவு விரிதாளா? எந்தக் குழுமத்துக்கும் விசுவாசமாக இருக்காமல், அன்றைக்கு எது நல்ல இடத்தில் மலிவாகக் கிடைக்குதோ அதில் தங்கினால், ஒரு இரவுக்கு 20–30 டாலர் மிச்சப்படுத்தலாம். பிளாட்டினத்தைக் காப்பாற்ற 50 இரவு வேணும் என்று வேலை நடக்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளித் தங்குபவர்கள், டாக்சிக்குக் கொடுப்பதை எந்தப் பத்தியில் எழுதுறாங்க?

#7 சாவியட்டை

@நடைமேடை நியாயம்தான், பாதி வரைக்கும். சொந்தப் பணத்தில் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து இரவு தங்குபவருக்கு உங்க வழிதான் சரி. 50 இரவு தங்குபவருக்கு ஸ்டேட்டஸால் இலவசமாக வரும் காலை உணவு ஒன்றே பெரிய தொகை. வெளியே 15 டாலர் என்றாலும் 750. மதிப்புக் குறைப்பால் வந்த 150-ஐ அது விழுங்கிவிடும்.

ஆனால் "காலை உணவு உண்டு" என்று மேலோட்டமாக எடுத்துக்காதீங்க. மேரியட்டில் கோல்டுக்குக் கிடையாது, பிளாட்டினத்துக்குத்தான். அதுவும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ரிட்ஸ் கார்ல்டனில் பிளாட்டினத்துக்கும் இல்லை. ஹில்டனில் கோல்டுக்கே உண்டு, அமெரிக்காவில் மட்டும் 2021-லிருந்து உணவுக் கிரெடிட்டாகத் தருறாங்க, அது பல இடங்களில் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் காணாது. ஹயாட்டில் குளோபலிஸ்டுக்கு முழுக் காலை உணவு, அதற்கு ஒரு படி கீழே உள்ள எக்ஸ்ப்ளோரிஸ்டுக்கு ஒன்றும் இல்லை. ஐஎச்ஜியில் டயமண்டு செக்-இன் நேரத்தில் பாயின்ட் வேண்டுமா, உணவு வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கணும். பழக்கத்தில் பாயின்ட் என்று சொல்லிவிட்டால் சாப்பாடு போச்சு.

அதனால் "நான் எந்தப் படியை நிச்சயமாகத் தொடுவேன்" என்பதைப் பொறுத்தே ஒப்பிடணும். உச்சப் படிச் சலுகையைப் பார்த்துவிட்டு நடுப்படியில் போய் மாட்டிக்கொள்வதுதான் மாறுபவர்களுக்கு அடிக்கடி நடப்பது. ஹயாட்டில் குளோபலிஸ்டுக்கு வேண்டிய 60 இரவைத் தொடுவதற்கும் 45-லேயே நின்றுபோவதற்கும் இடையே உள்ள பள்ளம் மிக ஆழம்.

#8 நடைமேடை

50 இரவு என்றால் ஒத்துக்கிறேன். ஆனால் அந்த 50-ம் ஒரே குழுமத்தில் விழுமா? ஹயாட் ஹயாட் என்கிறீர்களே, மேரியட்டுக்கு உலகம் முழுக்க 9,000-க்கும் மேல் ஹோட்டல், ஹயாட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

#9 கணக்கர்

சரியான கேள்வி, முதல் வடிகட்டியே இதுதான். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் தங்கப்போகும் ஊர்களை எழுதுங்க. ஒவ்வொரு ஊரிலும் வேலை இடத்துக்கு நடந்தோ சிறு பயணத்திலோ போகும் தூரத்தில், அலுவலக வரம்புக்குள் அடங்கும் விலையில், புதிய குழுமத்தின் ஹோட்டல் இருக்கா என்று வரைபடத்தில் பாருங்க. 50-ல் 35-க்குக் கீழே தேறினால் அந்தக் குழுமத்தை அடிச்சிடுங்க. பாயின்ட் எவ்வளவு இனித்தாலும் ஸ்டேட்டஸ் நிற்காது.

அலுவலக ஒப்பந்தத்தையும் கேட்டுக்குங்க. நிறுவனத்துக்கென்று பேசிய விலைக்குப் பொதுவாகப் பாயின்ட்டும் இரவுக் கணக்கும் வரும். மூன்றாம் தரப்புத் தளம் வழியாகப் போட்டால் வராது. டிராவல் டெஸ்க் எந்த வழியாக புக் செய்கிறது என்று தெரியாமல் மாறிவிட்டு, நாலு மாதம் கழித்துக் கணக்கைத் திறந்தால் பூஜ்யமாக இருக்கும். பழைய புக்கிங் ஒன்றின் உறுதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்க: குழுமத்தின் சொந்த உறுதி எண் மட்டும் இருந்தால் சரி. ஏஜென்சியின் எண்ணும் "முன்பே கட்டப்பட்டது" என்ற வரியும் இருந்தால் சந்தேகப்படுங்க.

#10 ஐந்தாம்இரவு

3 லட்சத்தை என்ன செய்வது என்று யாருமே பேசலையே.

மாறினாலும் மாறாவிட்டாலும் பாயின்ட்டைச் சேர்த்து வைக்காதீங்க. வட்டி தராத நாணயம், அச்சடிப்பவரே அதன் விலையையும் வைக்கிறார். குறைப்பை முன்கூட்டி அறிவித்திருந்தால் அந்தத் தேதிக்கு முன் ரத்து செய்யக்கூடிய பாயின்ட் புக்கிங்குகளைப் போட்டுவிடுங்க. பாயின்ட் புக்கிங் பெரும்பாலும் சில நாள் முன்பு வரை இலவசமாக ரத்தாகும், ஆனால் ஹோட்டலுக்கு ஹோட்டல் கெடு வேறு, உறுதி மடலில் தேதியைப் பாருங்க. போட்ட விலை அப்படியே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: பிறகு அந்த புக்கிங்கைத் தொடாதீங்க. ஒரு இரவு கூட்டினாலோ தேதியை நகர்த்தினாலோ முழுதும் புது விலைக்கு மறுகணக்காகும். கூடுதல் இரவை வேறு புக்கிங்காகப் போட்டு, செக்-இன் நேரத்தில் இரண்டையும் ஒரே அறையில் சேர்க்கச் சொன்னால் போதும்.

மேரியட்டில் ஐந்து இரவு சேர்த்துப் போட்டால் ஒன்று இலவசம், அதுவும் ஐந்தில் மலிவானது. 30, 34, 36, 38, 32 ஆயிரம் என்று போனால் கழிவது 30,000, கட்டுவது 1,40,000. சராசரி 28,000. விலை ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள வாரத்தில் இந்தச் சலுகை இளைத்துவிடும், ஐந்தும் ஒரே விலையில் இருக்கும் வாரத்தில்தான் முழு 20% கிடைக்கும். ஹில்டனில் சில்வர் படியிலிருந்தே ஐந்தாம் இரவு இலவசம், சாதாரண அறை வகைக்கு மட்டும். ஐஎச்ஜியில் நான்காம் இரவு, ஆனால் அது அவர்களின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு.

#11 மின்தூக்கி

விமான மைலாக மாற்றிவிடலாமே? முழுசாக வெளியேறின மாதிரியும் ஆச்சு.

#12 ஐந்தாம்இரவு

அவசரப்படாதீங்க. பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மேரியட் 3 பாயின்ட்டுக்கு 1 மைல் தருது, 60,000 மொத்தமாக மாற்றினால் 5,000 மைல் கூடுதல். ஆக 60,000 கொடுத்து 25,000 மைல். குறைந்த மதிப்பான 0.6-லேயே பார்த்தாலும் 60,000 என்பது 360 டாலர். ஒரு மைலுக்கு 1.44 சென்ட் கிடைத்தால்தான் சரிக்குச் சரி. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் கண்ணில் பட்டு, இருக்கை இருப்பதை உறுதி செய்துகொண்டு, குறைபடும் அளவை மட்டும் மாற்றுபவருக்கு லாபம். சும்மா மாற்றி வைத்தால் ஒரு மதிப்புக் குறைப்பிலிருந்து தப்பி இன்னொன்றுக்குக் காத்திருப்பது. மாற்றியதைத் திருப்பவும் முடியாது. கிஃப்ட் கார்டு பக்கம் தலைவைத்தும் படுக்காதீங்க.

இலவச இரவுச் சான்றிதழ் இருந்தால் அதை முதலில் தீருங்க, பாயின்ட் அப்புறம். மதிப்புக் குறைப்பில் முதலில் சாவது அதுதான். 35,000 சான்றிதழோடு (35,000 பாயின்ட் வரையுள்ள அறைக்குச் செல்லுபடியாவது) 15,000 வரை பாயின்ட் சேர்க்கலாம் என்பது மேரியட் 2022-ல் வைத்த விதி, அதன்படி உச்சம் 50,000. நேற்று 49,000-ஆக இருந்த ஹோட்டல் இன்று 51,000 ஆனால், 2,000 பாயின்ட் வித்தியாசத்தில் சான்றிதழ் அங்கே செல்லாக்காசு.

#13 மின்தூக்கி

நன்றி அண்ணே. அப்போ சார்ட் உள்ள இடத்துக்கே போவது பாதுகாப்பா?

#14 கணக்கர்

சார்ட் இருந்தால் அடி எந்தத் தேதியில் விழும் என்று தெரியும், அவ்வளவுதான். விழாது என்று அர்த்தமில்லை. ஹயாட் 2022-ல் சார்ட்டுக்குள்ளேயே பீக், ஆஃப்-பீக் (கூட்ட நாள், கூட்டமில்லாத நாள்) விலைகளைக் கொண்டுவந்தது. சார்ட்டில் விலை உயர்ந்த ஹோட்டல்கள் உள்ள எட்டாம் பிரிவின் 40,000 அப்போது 35,000, 40,000, 45,000 எனப் பிரிந்தது. அந்தச் சார்ட்டில் ஒரு ஹோட்டல் நான்கிலிருந்து ஐந்தாம் பிரிவுக்கு ஏறினால் 15,000 என்பது 20,000 ஆகும், ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். பண விலை ஏறாமலேயே! சார்ட் இல்லாத இடத்தில் மெல்லக் கரையும், சார்ட் உள்ள இடத்தில் படிப்படியாக இடியும். பத்து ஹோட்டல் பட்டியலில் எத்தனை பிரிவு விளிம்பில் இருக்கு என்று பாருங்க.

மதிப்புக் குறைப்பே பிடிக்காது என்பவருக்கு அக்கோர் மாதிரி பணத்தோடு கட்டிவைத்த பாயின்ட், அல்லது பல ஹோட்டல் பிராண்டுகள் சேர்ந்து நடத்தும் ஜிஎச்ஏ டிஸ்கவரி (அங்கே ஒரு டிஸ்கவரி டாலர் ஒரு அமெரிக்க டாலர்). கூட்ட நாளிலும் அதே மதிப்பு, தேடி அலைய வேண்டாம். ஆனால் 40 யூரோ என்றைக்கும் 40 யூரோதான், வாடகை ஏறினால் அது மௌனமாகத் தேயும். ஒரு பாயின்ட்டில் மூன்று மடங்கு மதிப்பு எடுக்கும் வாய்ப்பும் இல்லை.

#15 நடைமேடை

குழுமத்துக்கு வெளியே போனாலும் தப்பில்லை என்பதற்கு ஒரு திருத்தம் நானே சேர்த்துவிடுறேன். ஹோட்டல்ஸ் டாட் காம் என்ற புக்கிங் தளத்தில் பத்து இரவுக்கு ஒன்று இலவசம் என்று சுமார் 10% வந்துகொண்டிருந்தது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் அதற்குப் பதிலாக ஒன் கீ என்ற புரோகிராம் வந்தபின் அடிப்படை 2%. மேரியட்டின் 10.5 → 9 அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

#16 வாசல்மணி

ஸ்டேட்டஸோடு இறங்குவது எப்படி? மேட்ச், சேலஞ்ச் இரண்டும் ஒன்றா?

#17 இரவுப்பணி

இரண்டும் வேறு. மேட்ச் என்றால் உள்ள ஸ்டேட்டஸைக் காட்டினால் இணையான படி தருவார்கள், பலநேரம் சில மாதத்துக்கு மட்டும். சேலஞ்ச் என்றால் குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட இரவு தங்கினால்தான் அது நிலைக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டும் ஒட்டியே வருது: தற்காலிகமாகக் கொடுத்து, 90 நாளில் இத்தனை இரவு தங்கினால் நீட்டிப்பார்கள். எண்ணிக்கை அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்றைய விதிமுறையைச் சேமித்து வைங்க.

கேட்பது: பெயர், உறுப்பினர் எண், படி, முடியும் தேதி நான்கும் ஒரே திரையில் தெரியும் ஸ்கிரீன்ஷாட். கூடவே சமீபத்திய தங்கலின் பில். நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள் மூன்று. பழைய கணக்கில் பெயர் ஒரு மாதிரி, புதிய கணக்கில் வேறு மாதிரி (இனிஷியல் முன்னாடி, பின்னாடி, அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியது). காட்டும் ஸ்டேட்டஸ் கார்டு மூலமோ இன்னொரு மேட்ச் மூலமோ வந்தது, தங்கிச் சம்பாதித்தது அல்ல. சில வருஷத்துக்குள் ஏற்கனவே ஒருமுறை வாங்கியாச்சு.

பெரிய விஷயம், கடிகாரம் ஓடத் தொடங்குவது ஒப்புதல் வந்த நாளிலிருந்து. முதல் தங்கலிலிருந்து அல்ல. கோபம் வந்த அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டு, அடுத்த ஆறு வாரம் பயணமே இல்லாமல் உட்கார்ந்தால் 90 நாளில் பாதி காலி. பயணத் தேதிகள் கையில் வந்தபின், முதல் பயணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு போடுங்க. முன்பே புக் செய்தவற்றில் புதிய உறுப்பினர் எண்ணைச் சேர்க்க மறக்காதீங்க. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறை எடுத்தால் பாயின்ட் சேரலாம், ஆனால் இரவுக் கணக்கு ஓர் அறைக்கு மட்டும்தான் என்பதே மேரியட், ஹயாட் விதி.

#18 சாவியட்டை

நேரம் பற்றி இன்னொன்று. இந்த வருஷம் சம்பாதித்த படி மேரியட்டிலும் ஹயாட்டிலும் அடுத்ததற்கு அடுத்த பிப்ரவரி இறுதி வரை நிற்கும், ஹில்டனில் மார்ச் 31, ஐஎச்ஜியிலும் அக்கோரிலும் அடுத்த வருஷ டிசம்பர் 31. அதனால் இந்த வருஷ இலக்கைப் பழைய இடத்தில் முடித்துவிட்டு, ஜனவரியில் புதிய இடத்தில் எண்ணத் தொடங்குவதுதான் வலி குறைந்த வழி. பழைய பிளாட்டினம் ஒரு வருஷத்துக்கு மேல் கூடவே வரும். புதிய குழுமம் இல்லாத ஊர்களில் அதைப் பயன்படுத்தலாம். நடுவருஷத்தில் 28 இரவில் விட்டுவிட்டுப் போனால் இரண்டு இடத்திலும் அரைகுறை.

#19 மின்தூக்கி

வாழ்நாள் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வந்துவிட்டவருக்கு?

#20 கணக்கர்

அவருக்கு விடை வேறு. மேரியட்டில் வாழ்நாள் பிளாட்டினத்துக்கு 600 இரவும் பிளாட்டினம் அல்லது மேல்படியில் 10 வருஷமும் வேணும். வாழ்நாள் கோல்டுக்கு 400 இரவு, 7 வருஷம். 500 இரவு தாண்டி, 8 வருஷமும் ஆனவர் இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடித்துவிட்டு, பிறகு சுதந்திரமாக எங்கே வேணும்னாலும் போகலாம். இரவு மட்டும் 600 ஆகி வருஷம் 4 தான் என்றால் பாதை இன்னும் நீளம், அதற்காக இருக்காதீங்க. கணக்கில் வாழ்நாள் பக்கத்தில் இரண்டு எண்ணும் தனித்தனியாகத் தெரியும்.

#21 வாசல்மணி

விளங்கிடுச்சு. அப்போ கேட்டவருக்கு: பத்து ஹோட்டல் சோதனை, ஊர்ப் பட்டியல், டிசம்பர் வரை இருக்கும் இடத்திலேயே 50-ஐ முடிப்பது, 3 லட்சத்தை ஐந்து இரவுக் கட்டாகத் தீர்ப்பது, ஊர்ப் பட்டியல் தேறினால் ஜனவரிப் பயணத்துக்கு ஒட்டி ஹில்டன் சேலஞ்ச். மிச்சம் கிடக்கும் சில்லறைப் பாயின்ட்?

#22 இரவுப்பணி

மேரியட், ஹில்டன், ஹயாட்டில் 24 மாதம் அசைவே இல்லாவிட்டால்தான் காலாவதி. ஐஎச்ஜியில் ஸ்டேட்டஸ் இல்லாதவருக்கு 12 மாதம். விண்டம் மட்டும் விவகாரம்: 18 மாத அசைவின்மை தவிர, சேர்ந்து நான்கு வருஷமான பாயின்ட் எப்படியும் அழியும். பெஸ்ட் வெஸ்டர்னில் காலாவதி இல்லை. 24 மாதக் கணக்கில் 22-ம் மாதத்துக்கு அலைபேசியில் நினைவூட்டல் போட்டு, ஒரு இரவு பணம் கொடுத்துத் தங்கினால் கடிகாரம் திரும்ப முதலிலிருந்து ஓடும். உறுப்பினர் எண்ணை புக்கிங்கிலேயே போடுங்க, செக்-அவுட்டில் கொடுத்தால் சிலநேரம் ஏறாது.